குர்சுராவுக்குள் உப்புக் கணக்கு

விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில், அலைக்கு முதுகு காட்டாமலும் முகம் காட்டாமலும் பக்கவாட்டில் கிடக்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா. 91 மீட்டர் நீளமுள்ள நீர்மூழ்கி. சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு, 1969 டிசம்பர் 18 அன்று ரிகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 31 ஆண்டுகளில் 73,500 கடல்மைல் ஓடிவிட்டு 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. உடைத்து இரும்பு விலைக்குப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கரைக்கு இழுத்து, மேடை கட்டி, 2002 ஆகஸ்டில் மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். கடலில் ஆயிரக்கணக்கான மைல் போன கப்பலைக் கடைசிச் சில நூறு மீட்டர் மணலில் ஏற்றத்தான் மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள்.

என்னோடு வந்தவர் மாமா. கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுக்காரர். மலையின் மேல் பதினான்கு நாடுகள் என்று கணக்கு. அதில் ஒன்று அது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர், சோளக்காடு சந்தையில் விலை பேசுபவர். எனக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு வேலை. “கடலு பாத்து ரொம்ப நாளாச்சு மாப்ளே, நானும் வரேன்” என்றார். காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் ரயிலேறி வந்துவிட்டோம்.

டிக்கெட் வாங்கி இரும்புப் படியேறினால் நேராக முன்பக்க டார்பிடோ அறை. வழிகாட்டிகள் எல்லாரும் நீர்மூழ்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசினார். நாங்கள் சேலம் பக்கம் என்றதும் கொஞ்சம் தமிழையும் சேர்த்துக்கொண்டார். முன்னால் ஆறு குழாய், பின்னால் நான்கு, மொத்தம் 22 டார்பிடோ என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டார்பிடோவை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அந்த அறையில் அதற்கு மேல் நின்று பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை.

அறைக்கும் அறைக்கும் நடுவில் வட்டத் துவாரம். முதலில் கால், பிறகு தலை, அதற்குப் பிறகு முதுகு. மாமா எங்களைவிடச் சுளுவாக நுழைந்தார். இரண்டாவது அறையில் அதிகாரிகளின் படுக்கை, அடியில் பேட்டரி. 70க்கும் மேற்பட்ட ஆட்கள் இந்தக் குழாய்க்குள் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும், குளியலை மறந்துவிட வேண்டும் என்றார் வழிகாட்டி.

இங்கேதான் நான் அவரிடம் கேட்டேன்: இந்தக் கப்பல் ரிகாவிலிருந்து எப்படி வந்தது?

அவர் முகம் மலர்ந்தது. டார்பிடோவைப் பற்றிக் கேட்பவர்கள் ஆயிரம் பேர், வழியைக் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது. 1967 போருக்குப் பிறகு சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. 1975 வரை திறக்கவில்லை. எனவே 1970 பிப்ரவரியில் பால்டிக் கடலிலிருந்து புறப்பட்ட குர்சுரா, சுவீடனின் கோதன்பர்க், ஸ்பெயினின் லா கொருன்யா, கானாவின் தகோராடி, பிறகு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி மொரீஷியஸ் என்று இரண்டு மாதம் போல ஓடி ஊர் வந்து சேர்ந்தது. ஒரே பயணத்தில் பால்டிக், வட அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்.

வரைபடத்தில் இதெல்லாம் ஒரே நீல நிறம். மேலே மிதக்கும் கப்பலுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். மூழ்குகிற கப்பலுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு தண்ணீர். பால்டிக் கடலில் ஆறுகள் வந்து கலந்துகொண்டே இருப்பதால் உப்பு மிகக் குறைவு. மேல்தண்ணீரில் பல இடங்களில் லிட்டருக்கு ஏழு கிராம் போல. அட்லாண்டிக்கில் 35 கிராம். உப்பு கூடினால் தண்ணீர் கனக்கும், கனத்த தண்ணீர் கப்பலை மேலே தள்ளும். பால்டிக்கில் சரியாக எடை கட்டி மூழ்கும் நீர்மூழ்கி, அதே எடையோடு அட்லாண்டிக்குக்கு வந்தால் மூழ்க மறுக்கும். மூழ்கிய நிலையில் குர்சுராவின் எடை சுமார் 2,475 டன். இரு கடல்களின் அடர்த்தி வித்தியாசம் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. கையில் கணக்குப் போட்டால் 40, 50 டன் தண்ணீரைக் கூடுதலாக உள்ளே ஏற்ற வேண்டும். வெறும் உப்புக்காக.

மாமா காதில் விழுந்தது இந்த இடம்தான். “உப்பத் தவிர எல்லாம் நம்ம மலையில விளையும்னு எங்கய்யா சொல்லுவாரு. அந்த உப்பு இவ்ளோ வேல பாக்குதா?” என்றார்.

மூன்றாவது அறை கப்பலின் மூளை. பெரிஸ்கோப், ஆழம் காட்டும் முகப்புகள், சுக்கான் பிடிக்கும் சக்கரம், கை வைத்த இடமெல்லாம் வால்வு. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு சோனார் இடம். பார்க்க வருகிறவர்கள் பெரிஸ்கோப்பிடம் கூடுகிறார்கள். நான் சோனார் பக்கம் ஒதுங்கினேன். பெரிஸ்கோப் மூழ்கியபின் குருடு. காதுதான் மிச்சம்.

கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் அது நேர்கோட்டில் போவதில்லை. வெப்பம் கூடிய தண்ணீரில் வேகம், குளிர்ந்ததில் மெதுவு; உப்பும் ஆழமும் கூடினாலும் வேகம் கூடும். மெதுவான பக்கம் பார்த்து ஒலி வளைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த கதை கடற்படைகளுக்கே உரிய கதை. 1930களில் கியூபாவின் குவாண்டனாமோ பக்கம் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சோனார் பயிற்சி செய்தபோது, காலையில் நன்றாகக் கேட்ட கருவி மதியத்துக்கு மேல் செவிடாகிப்போனது. சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் கண்ணயர்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம். பிறகு வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தாரைக் கூப்பிட்டுத் தண்ணீரின் வெப்பத்தை ஆழம் ஆழமாக அளந்தார்கள். வெயிலில் மேல்தண்ணீர் சில மீட்டர் சூடாகி, ஒலி கீழ்நோக்கி வளைந்து, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் ஒலியே எட்டாத நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் ஒரு நீர்மூழ்கி சத்தமில்லாமல் நின்றுகொள்ளலாம்.

இதை மாமாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கையமர்த்தினார். “கெணத்துல குதிச்சா மேல வெதுவெதுன்னு இருக்கும், ஆளு முங்கற ஆழத்துல சுருக்குன்னு குளிரு புடிக்கும். அந்த எடத்துல காது அடைக்கும். அதானே?”

அதேதான். கடலில் அந்தச் சுருக்கென்ற இடத்தைத் தேடித்தான் நீர்மூழ்கிகள் கீழே இறங்குகின்றன. குர்சுரா வகைக் கப்பல்கள் 250 மீட்டர் அளவுக்கு இறங்கக்கூடியவை. கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர். ஆக, உலகப் பெருங்கடல்களில் நடந்த நீர்மூழ்கிப் போர் முழுவதும் மேல்தோலில் நடந்ததுதான். அந்தத் தோலில்தான் வெயில், மழை, ஆற்றுநீர் எல்லாம் வந்து விழுகின்றன. அதனால் அங்கேதான் தண்ணீர் நாளுக்கு நாள் மாறுகிறது.

வங்காள விரிகுடா இந்த விஷயத்தில் தனிப்பிறவி. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று இத்தனை ஆறும் இந்த ஒரு குடாவில் கொட்டுகின்றன. பருவமழை முடிந்தபின் வடபகுதியில் மேல்தண்ணீரின் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். உப்பு குறைந்த இலேசான நீர் மேலே போர்வைபோல் மிதக்கும். கீழே உள்ள உப்புநீரோடு எளிதில் கலக்காது. குளிர்காலத்தில் சில இடங்களில் மேலே குளிர்ந்தும் அதற்குச் சற்றுக் கீழே வெதுவெதுப்பாகவும் தலைகீழாகக் கிடக்கும். அப்போது ஒலி கீழே வளையாமல் மேல்மட்டத்திலேயே வெகுதூரம் ஓடும். மதிய வெயிலில் சோனாரைச் செவிடாக்கும் அதே கடல், இன்னொரு மாதத்தில் காதைத் தீட்டிவிடும். கப்பலுக்கும் சிக்கல் உண்டு. தெற்கே 35 கிராம் உப்பில் எடை கட்டிய நீர்மூழ்கி, வடக்கே 30 கிராம் தண்ணீருக்குள் நுழைந்தால் எட்டு, பத்து டன் கனம் கூடிய மாதிரி கீழே இறங்கத் தொடங்கும். உடனே பம்பு போட்டு வெளியேற்ற வேண்டும்.

“நம்ம ஐயாத்துத் தண்ணியும் இதுல சேத்தியா?” என்று கேட்டார் மாமா. மலையில் ஆகாய கங்கையாய் விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, காவிரிப் படுகைக்குப் போகிறது ஐயாறு. சேர்த்திதான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. காவிரியில் வரும் தண்ணீரில் பெரும்பகுதியை வயலும் வாய்க்காலும் குடித்துவிடுகின்றன. கடலுக்குப் போவது சொற்பம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருவதற்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. உண்மையைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

சோனார் இருக்கையை விட்டு நகர்வதற்கு முன் 1971 இந்திய-பாகிஸ்தான் போரைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடற்கரையிலிருந்து பார்த்தால் தெற்கே டால்பின் மூக்கு என்கிற குன்று தெரியும். துறைமுக வாசல் அதன் அடியில். அந்த வாசலுக்கு வெளியே, டிசம்பர் 3, 4 நள்ளிரவில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி எல்லா ஆட்களோடும் மூழ்கியது. அது தேடி வந்தது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. முதலில் சென்னைக்கு அப்பால் தேடியது, பிறகு இங்கே வந்தது. விக்ராந்த் அப்போது அந்தமானில் ஒதுங்கியிருந்தது. அது இங்கேதான் இருக்கிறது என்று நம்ப வைத்தவர் கிழக்குக் கடற்படைத் தளபதி என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் மாதிரி ரேடியோவில் பேசவிட்டார். பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு மளிகையும் காய்கறியும் இறைச்சியும் ஊருக்குள் வாங்கச் சொன்னார். சந்தையில் பேச்சு பரவினால் ஒற்றர் காதுக்குப் போகாதா! ராஜ்புத் வீசிய ஆழக்குண்டில்தான் காஜி போனது என்கிறது இந்தியக் கடற்படை. அது தானே வைத்த கண்ணிவெடியில் சிக்கியது என்கிறது பாகிஸ்தான். இன்றும் தீராத வழக்கு.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, மேற்கே டையூவுக்கு அப்பால் கதை திரும்பியது. பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, அதைத் தேடிச் சென்ற குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். குக்ரியில் அன்று சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டும் புதிய கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகக் கப்பல் மெதுவாகப் போனது. கேட்பதற்காக வேகம் குறைத்த கப்பல், கேட்டுக்கொண்டிருந்த இன்னொன்றின் கண்ணில் பட்டது. கிழக்கில் பெற்ற வெற்றியைச் சொல்லும் வழிகாட்டிகள் இதை எப்போதும் சேர்த்துச் சொல்வதில்லை. எங்கள் வழிகாட்டி சொன்னார், குரல் தணிந்து. அவருக்கு என் வணக்கம்.

நான்காவது அறையில் சமையற்கட்டு. நம் வீட்டுச் சாமி அலமாரி அளவு இடத்தில் எழுபது பேருக்குச் சோறு. மாமா எட்டிப் பார்த்து, மிளகு டப்பா எங்கே என்று கேட்டார். வழிகாட்டி சிரித்துவிட்டார்.

ஐந்தாவது அறையில் மூன்று டீசல் இன்ஜின்கள். ஆறாவதில் மின்மோட்டார்கள். மூழ்கியிருக்கும்போது டீசலுக்குக் காற்று இல்லை. பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து, குழாயை நீட்டி மூச்சுவிட்டு, டீசலை ஓட்டி மறுபடி ஏற்ற வேண்டும். ஓடுகிற இன்ஜின் சத்தத்தைக் கடல் முழுக்கத் தண்டோரா போடும். எனவே எங்கே, எப்போது மூச்சுவிடுவது என்பதிலும் அதே வெப்பக் கணக்குதான். ஏழாவது பின் டார்பிடோ அறை. வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில்.

வெளியே நின்று இளநீர் குடித்தபோது மாமா ஒரு கேள்வி கேட்டார்: “இத்தன அளந்து வெச்சிருக்காங்களே, யாருக்கு ஒதவுது?” நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில் இல்லை.

கடலை அளக்கும் படிப்பு பெரிதும் கடற்படைகளின் பணத்தில் வளர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் மாத்தியூ மோரி, கப்பல்களின் பழைய தினக்குறிப்புகளைக் கூட்டி வைத்துக் காற்றும் நீரோட்டமும் எங்கே எப்படிப் போகின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலேயே படம் போட்டார். பிரிட்டனின் சேலஞ்சர் என்ற கடற்படைக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி ஆழ்கடலைத் துழாவியது. இந்தியாவிலும் அதே வழி. 1952இல் கொச்சியில் கடற்படைக்கென ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாடுகளின் 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கெடுத்தன. நம் பக்கத்திலிருந்து போன ஐ.என்.எஸ். கிஸ்த்னா ஒரு போர்க்கப்பல். இன்று அந்த வேலையைச் செய்வது 1994இல் சேர்ந்த ஐ.என்.எஸ். சாகர்த்வனி. 2019இல் அது கிஸ்த்னா போன பழைய தடத்தையே பிடித்துப் போய் மறுபடி அளந்தது.

அளந்ததெல்லாம் வெளியே வருவதில்லை என்பதுதான் என் மனக்குறை. எதிரியின் கப்பல் எங்கே ஒளியும் என்று சொல்லும் அதே எண்கள், நம் கப்பல் எங்கே ஒளியும் என்றும் சொல்லிவிடும். பூட்டி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் பூட்டைத் திறந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். ஆர்க்டிக் பனிக்கு அடியில் ஓடிய அமெரிக்க நீர்மூழ்கிகள், மோதாமல் இருக்கத் தலைக்கு மேலே பனியின் தடிமனை அளந்துகொண்டே போயின. பனிப்போர் முடிந்தபின் அந்தக் கணக்குகளில் ஒரு பகுதி விஞ்ஞானிகள் கைக்கு வந்தது. 1958 முதல் 1976 வரை எடுத்த அளவுகளோடு 1990களின் அளவுகளை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்டார்கள்: கோடை முடிவில் பனி சராசரியாக 1.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 40 விழுக்காடு மெலிந்திருந்தது. நீர்மூழ்கிகள் ஓடிய கடல்தடத்தில் புவி சூடாவதற்குச் சாட்சி கிடைத்தது. திறக்காத பெட்டிகளில் இன்னும் என்ன இருக்கிறதோ?

இப்போது எல்லாவற்றுக்கும் கடற்படையை எதிர்பார்க்கத் தேவையில்லை. உலகக் கடல்களில் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4,000 மிதக்கின்றன. 2,000 மீட்டர் ஆழம் இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை மேலே வந்து, வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவின் பங்கை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நடத்துகிறது. மீன் கிடைக்கும் இடம், பேரலை எச்சரிக்கை, கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் வேண்டிய கடல்நிலை எல்லாம் அங்கிருந்துதான். வங்காள விரிகுடாவின் அந்த நன்னீர்ப் போர்வை கீழிருக்கும் குளிர்ந்த நீரை மேலே வரவிடாமல் வெப்பத்தைப் பிடித்து வைத்துப் புயலுக்குத் தீனி போடுகிறது. தெற்குப் பெருங்கடலில் எங்கோ வீசிய காற்று எழுப்பிய அலை, பல நாள் ஓடி வந்து, காற்றே இல்லாத வேளையில் குமரி, கேரளக் கரைகளில் ஏறுகிறது. மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். சோனார்க்காரருக்கு வேண்டிய எண்ணும் கட்டுமரக்காரருக்கு வேண்டிய எண்ணும் ஒரே தண்ணீரிலிருந்து வருகின்றன. ஒன்று ரகசியம், ஒன்று அறிவிப்புப் பலகை.

சாலையைக் கடந்தால் எதிரில் இன்னொரு காட்சியகம்: டியூ-142 விமானம். நீர்மூழ்கியை வேட்டையாடுவதற்கென்றே செய்த நான்கு இன்ஜின் ரஷ்ய விமானம். 1988இல் வந்து, 29 ஆண்டு பறந்து, 2017 மார்ச்சில் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் ஓய்வு பெற்றது. பலகையைப் படித்துச் சொன்னேன்.

“அரக்கோணமா? அங்க ஏது மாப்ளே கடலு?”

கடல் வேண்டாம், ஓடுபாதைதான் வேண்டும். அங்கே அது நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்றேன். இப்போது அதே தளத்திலிருந்து பி-8ஐ விமானங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் சுற்றுகின்றன. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் சோனார் மிதவைகள் வைத்திருந்தார்கள், உருளை உருளையாக. விமானம் இவற்றை வரிசையாகக் கடலில் போடும். மிதவை மேலே நிற்க, கம்பியில் தொங்கும் ஒலிவாங்கி கீழே இறங்கிக் கேட்கும். ஆனால் வேட்டை தொடங்குமுன் வெப்பம் அளக்கும் மிதவை ஒன்றைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். எந்த ஆழத்தில் தண்ணீர் குளிர்கிறது என்று தெரிந்தால்தான் ஒலிவாங்கியை எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்ய முடியும்.

மாமா அந்த உருளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஊழியரிடம் கேட்டார்: “போட்டத மறுபடி எடுத்துக்குவாங்களாங்க?”

எடுப்பதில்லை, சில மணி நேரத்தில் தானே மூழ்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்றார் அவர்.

“அப்ப எல்லாம் அடியிலதான் கெடக்குதா?”

“கிடக்குது” என்றார் ஊழியர்.